ஏறாத மரம்

பாளையங்கோட்டையில் நான் ஓவியம் கற்கப் போன மாடி அறையில் பைன் மரங்களுக்குப் பஞ்சமில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருந்த கேன்வாஸ்களில் பாதிக்கு மேல் பனிமலை, மலையடியில் ஏரி, ஏரிக்கரையில் கூம்பு கூம்பாகப் பைன். வரைந்தவர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்கக்கூடிய ஒரே பைன், கொடைக்கானலில் சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்கும் தோப்பு. அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டு வளர்த்தது. பிறகு இத்தனை பைன் எங்கிருந்து முளைத்தது என்றால், வகுப்பில் எல்லோருடைய கைப்பேசியிலும் பாப் ராஸ் இருந்தார்.

1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 403 பகுதிகள் வந்தன. பகுதிக்கு ஒரு படம். அரை மணி நேரத்துக்குள் மலையும் காடும் ஆறும் முடிந்து கையெழுத்தும் விழுந்துவிடும். பக்கத்து வீட்டு மாமா பேசுகிற தணிந்த குரல், பெரிய சுருட்டைமுடி. அவர் மறைந்து இத்தனை வருஷம் கழித்தும் யூடியூபில் அவரைப் பார்த்துப் பிரஷ் எடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். விமானப்படையில் இருந்தபோது அலாஸ்காவில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். பனியும் ஊசியிலைக் காடும் அவர் தினமும் கண்டவை. தன் மரத்தை அவர் வரைந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வகுப்பின் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. பாப் ராஸ் வரைந்தது ஆயில் கலரில். கேன்வாஸ் முழுக்க ஈர வெள்ளையை மெல்லிசாகப் பூசிக்கொண்டு, ஈரத்தின் மேலேயே ஈரத்தை வைத்து இழுப்பார். வானமும் மேகமும் ஒன்றுக்குள் ஒன்று தானாகக் கரையும். ஆயிலில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை மெல்ல வாங்கித்தான் இறுகும்; அதற்கு நாள் கணக்காகும். எங்களிடம் இருந்தது அக்ரிலிக். நிறப்பொடியை ஒரு பிளாஸ்டிக் பால்மத்தில் கலந்தது. தண்ணீர் ஆவியானால் பிசின் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும், அதன்பிறகு தண்ணீருக்கு அசையாது. சித்திரை வெயிலில், தகர ஷீட்டுக்குக் கீழே, தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிற அறையில் இடது மூலையில் வைத்த நீலம் வலது மூலைக்குப் போவதற்குள் காய்ந்திருக்கும். பாப் ராஸ் மேகத்தைத் தடவிக் கரைக்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் இதைத் தடுக்கவில்லை. “பாக்கட்டும் டீச்சர். பாத்துச் சலிச்ச பெறகுதான் ஜன்னல் பக்கம் கண்ணு போவும்” என்பார்.

நான் கணக்கு டீச்சர். பணி ஓய்வு பெற்ற பிறகு வகுப்பில் சேர்ந்தேன். மாஸ்டருக்கு என்னைவிட வயது குறைவு. ஆனாலும் நான் அவரை மாஸ்டர் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இந்த ஊரில் அதுதான் முறை. அவர் சினிமா பேனர் வரைந்தவர். நாடகக் கொட்டகைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் படுதா எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து பேனர் தொழிலை வாரிக்கொண்டு போனபின் கடை ஷட்டர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் எழுதி, கடைசியில் இந்த மாடிக்கு வந்து சேர்ந்தார். என் தலைமுறைக்காரர்கள் வீட்டு ஆல்பங்களில் ஒரு படமாவது ஸ்டுடியோ படுதா முன்னால் எடுத்ததாக இருக்கும். பின்னால் வளைந்து போகும் மாடிப்படி, பூந்தொட்டி, தூரத்தில் ஒரு குளம், குளத்தங்கரையில் எந்த நாட்டிலும் முளைக்காத மரம். அந்த மரங்களை எழுதிய கைகளில் ஒன்றிடம்தான் நான் மரம் கற்றேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம் உண்டு.

பேனர்காரர்களிடம் ஒரு படிப்பு இருந்தது. நாற்பதடி உயரத் தட்டியில் கதாநாயகனின் மூக்கை எழுதும்போது, எழுதுகிறவனுக்கு அது மூக்காகத் தெரியாது. ரோட்டின் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நிற்பவனுக்குத்தான் மூக்கு. கிட்ட நின்று எழுத வேண்டும், எட்ட நின்று பார்க்க வேண்டும். மரத்துக்கும் அதையே அவர் சொன்னார். இலை இலையாக வைக்க ஆரம்பித்த யாரையும் அவர் முடிக்கவிட்டதில்லை. “கண்ண இடுக்கிப் பாருங்க. இருட்டு எங்கன இருக்கு, வெளிச்சம் எங்கன இருக்கு, அத மட்டும் சொல்லுங்க.” கண்ணை இடுக்கினால் இலைகள் போய்விடும். மிஞ்சுவது இரண்டு மூன்று பெரிய கட்டிகள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் அதே பதில் கிடைக்கும். மாஸ்டருக்கு அந்தக் குறுக்குவழியில் மரியாதை இல்லை.

அக்ரிலிக்கில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வர வேண்டும். வாட்டர்கலரில் தாளின் வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு போய் இருட்டைக் கடைசியில் வைக்கிறோமே, அதற்கு நேர் எதிர். முதலில் மரத்தின் மொத்த உருவத்தையும் இருண்ட நிறத்தில் அப்பிவிட வேண்டும். அது காய்ந்ததும் நடுத்தர நிறம். அதன்பின் வெயில் விழும் பக்கத்தில் மட்டும், கஞ்சத்தனமாக, வெளிச்சம். சீக்கிரம் காய்கிறது என்று நாங்கள் அழுத குணமே இங்கே உதவிக்கு வந்தது. கீழ்ப்பூச்சு காய்ந்துவிட்டதால் மேல்பூச்சு சேறாவதில்லை. ஆயிலில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதை இங்கே ஒரு டீ குடித்துவிட்டு வந்து தொடரலாம். காய்வதைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் நனைத்த துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் பெயின்ட்டைப் பிதுக்கி வைத்தால் மறுநாள் வரை இளகியே இருக்கும். பிரஷ்ஷை மட்டும் காயவிடக் கூடாது. தகரப் பூணுக்குள் போன அக்ரிலிக் இறுகிவிட்டால் அந்தப் பிரஷ் பசை தடவத்தான் ஆகும்.

இன்னொரு சூட்சுமம் நிறம் மாறுவது. ஈரமாக இருக்கும்போது அந்தப் பால்மம் லேசாக வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் வைத்தபோது சரியாக இருந்த வானம் காய்ந்தபின் ஒரு படி இருண்டிருக்கும். கணக்கு டீச்சர் என்பதால் எவ்வளவு இருளும் என்று ஒரு விகிதம் கண்டுபிடித்துவிடலாமென்று அட்டையில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. மாஸ்டர் அந்த அட்டையை வாங்கிச் சுவரில் ஒட்டி, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுகிறார். அந்த அளவில் அது வீண்போகவில்லை.

இந்தப் பெயின்ட் புதிய சரக்கு என்பது எனக்கு அங்கே போனபின் தெரிந்த விஷயம். 1947இல் நியூயார்க்கில் லெனார்ட் போக்கூர், சாம் கோல்டன் இருவரும் ஓவியர்களுக்கான முதல் அக்ரிலிக்கைக் கொண்டுவந்தார்கள். அது டர்பன்டைனில் கரைவது. தண்ணீரில் கரைவதை 1955இல் ஹென்றி லெவிசன் கொண்டுவந்தார். அதாவது தண்ணீர் அக்ரிலிக்கின் வயது என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் எனக்கு அது புது அறிமுகமும் இல்லை. எங்கள் தெருவில் சேலை முந்தானையில் பூப்போட வாங்கி வைத்திருந்த ஃபெவிக்ரில் புட்டிகளும் இதே சரக்குதான். துணியில் போட்டுத் துவைத்தாலும் போகாததன் காரணம் அந்தப் பிளாஸ்டிக்.

பச்சை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மாஸ்டர் முதல் வேலையாகப் பச்சை டியூப்புகளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். “மரம் பச்சைன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?” டியூப்பிலிருந்து வரும் பச்சை ஸ்டேஷனரிக் கடையின் பச்சை, இயற்கையில் அதைக் கிளி மட்டும்தான் போட்டுக்கொள்கிறது. எங்களுக்குக் கொடுத்தவை அல்ட்ராமெரின் நீலம், எல்லோ ஆக்கர், லெமன் எல்லோ, பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், கறுப்பு, டைட்டானியம் ஒயிட். இவற்றுக்குள் இந்தச் சீமையின் பச்சை எல்லாம் இருக்கிறது. கறுப்போடு லெமன் எல்லோவைச் சேர்த்தால் அருமையான ஆலிவ் பச்சை வரும்; இதை நம்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன், கலந்து காட்டினால் வாயடைத்துப் போவார்கள். அல்ட்ராமெரினும் ஆக்கரும் சேர்ந்தால் தூரத்துத் தோப்பின் மங்கல் பச்சை. ரொம்பப் பச்சையாகிவிட்டதா, ஒரு சொட்டுச் சியன்னா. வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்த்தால் இலை சுண்ணாம்பு அடித்ததாகிவிடும். மஞ்சளைச் சேர்த்தால்தான் வெயிலாகும். அல்ட்ராமெரினும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதியாகக் கலந்தால் கறுப்புக்கு மிக அருகே ஒரு நிறம் வரும். டியூப் கறுப்பு செத்துக் கிடக்கும், இதில் உயிர் இருக்கும். நிழலெல்லாம் அதில்தான் போட்டேன்.

வீட்டுப் புறவாசல் வேம்பு என் முதல் மாடல். வேம்பு வரைய லேசான மரம் இல்லை. இலை பொடிசு, கொத்து நெருக்கம், உள்ளே எல்லாம் ஊடுருவித் தெரியும். நடுவில் வானம் தெரிகிற சந்துகளை விடாவிட்டால் அது ஒரு பச்சைப் பாறை. “காக்கா உள்ள போயி வெளிய வரணும் டீச்சர், வழி வைங்க” என்று மாஸ்டர் சொல்வார். வழி வைப்பதிலும் ஒரு நுட்பம்: அந்தச் சந்துகளில் வைக்கும் வானத்தின் நிறம் வெளிவானத்தைவிட ஒரு படி மங்கலாக இருக்க வேண்டும். அதே நிறத்தை வைத்தால் மரத்தில் விளக்குப் போட்டதுபோலப் பளிச்சிடும்.

கிளைகள் விஷயத்தில் மட்டும் நான் மாஸ்டருக்கு ஒரு பாடம் எடுத்தேன். லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் ஒரு விதி இருக்கிறது. மரத்தின் எந்த உயரத்திலும் கிளைகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் கனம் கிடைக்கும் என்பது அது. குறுக்குவெட்டுப் பரப்பின் கணக்கு இது. எனவே விட்டங்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அடிமரம் இரண்டு சமக் கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் அடிமரத்தில் ஏறக்குறைய 70 சதவீதக் கனம் இருக்கும். வகுப்பில் எல்லோரும் பாதிக் கனமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அவர்கள் மரங்கள் நோஞ்சானாக இருந்தன. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வேம்பைச் சுற்றி அளந்தேன். அச்சொட்டாக வரவில்லை, ஆனால் ஆச்சரியப்படுகிற அளவுக்குக் கிட்டே வந்தது. இந்த விதி ஏன் பொருந்துகிறது என்பதற்கு நீரோட்டத்தைக் காரணம் சொல்லி வந்தார்கள். 2011இல் கிறிஸ்டோஃப் எலுவா என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், காற்றில் முறிந்துபோகாமல் தாங்குவதற்கான ஏற்பாடாக இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப காத்துதான் மரத்த வரையுது” என்றார். இயற்பியலாளர் ஆட்சேபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தண்டு பிரவுன் என்கிற எண்ணமும் அந்தச் சமயத்தில்தான் போயிற்று. தாமிரபரணிக் கரையின் மருத மரத்தைப் பார்த்தால் போதும். வழவழப்பான வெளிர் சாம்பல் பட்டை, பெரிய பெரிய செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்து ஒரு நிறம். அதில் பிரவுன் எங்கே இருக்கிறது? அல்ட்ராமெரின், ஆக்கர், நிறைய வெள்ளை, துளி கிரிம்சன். ஆற்றுத் தண்ணீரின் வெளிச்சம் கீழிருந்து ஏறுவதால் தண்டின் அடிப்புறம் மேல்புறத்தைவிட வெளிச்சமாகக்கூட இருக்கும். மருதத்தை வரைந்தபின் யாராவது பிரவுன் தண்டு போட்டால் எனக்குக் கை பரபரக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்த நிலம் ஆற்றங்கரை இல்லை. தேரி.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட சீமையில் பெரும் பரப்பாகக் கிடக்கிற செம்மணல் மேடுகளைத் தேரி என்கிறோம். பார்த்திராதவர்களுக்கு விவரித்தால் மிகை என்பார்கள். குங்குமத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு சிவப்பு. காற்றடிக்கும் காலத்தில் மேடு இடம் மாறும், பாதை மூடிப்போகும். அதில் பனையும் உடைமரமும் நிற்கும். பிறகு வனத்துறை வைத்த முந்திரி. என் புகுந்த வீட்டாருக்குக் குலதெய்வம் தேரிக்குடியிருப்பில் அருஞ்சுனை காத்த அய்யனார். பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவோம். கல்யாணமான காலத்திலிருந்து போகிறேன். அடுப்புக்குக் கல் தேடியதும் பிள்ளைகளைத் தேடியதும் ஞாபகம் இருக்கிறது, மரம் எப்படி நின்றது என்பது ஞாபகத்தில் இல்லை. வகுப்பில் சேர்ந்தபின் வந்த உத்திரத்துக்குப் பொங்கப் பானையோடு ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் சின்ன கேன்வாஸ் போர்டும் வேனில் ஏறின.

தேரியைக் கலக்க நிறம் தேடவே வேண்டியதில்லை. பர்ன்ட் சியன்னாவின் பெயர் இத்தாலியின் சியனா ஊரிலிருந்து வந்தது. அங்கத்திய மஞ்சள் மண்ணைச் சுட்டால் சிவக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. தேரி மணலும் அதுதான்: குவார்ட்ஸ் மணலின் ஒவ்வொரு பரலின் மேலும் இரும்பு ஆக்சைடுப் படலம். டியூப்பைப் பிதுக்கி மணலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆரஞ்சு தேவைப்பட்டது, அவ்வளவே. போர்டு முழுக்கச் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து முதலில் பூசிக்கொண்டு அதன்மேல் வானத்தையும் மரத்தையும் வைத்தேன். ஐரோப்பிய ஓவியர்கள் இப்படி அடிநிறம் பூசுவது படத்துக்கு வெதுவெதுப்பு ஏற்ற. தேரியில் அது வெறும் உண்மை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சிவப்புதான் கிடக்கிறது. காற்று அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. ஈரப் பெயின்ட்டில் மணல் வந்து ஒட்டியது. தட்டிவிடப் பார்த்தேன், அக்ரிலிக் விடவில்லை. மாஸ்டரிடம் காட்டியபோது அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மேலே வார்னிஷ் அடித்துவிடச் சொன்னார்.

ஜான் கார்ல்சன் என்று ஒரு அமெரிக்க ஓவியர் நிலக்காட்சிக்கென ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். வானம் எல்லாவற்றிலும் வெளிச்சம். தட்டையான தரை அடுத்தது. சாய்ந்த மலை அதற்கு அடுத்தது. செங்குத்தாக நிற்கும் மரம்தான் ஆக இருட்டு என்பது அவருடைய அடிப்படை விதி. வெளிச்சம் மேலிருந்து வருவதால் அப்படி. வேம்புக்கும் மருதத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்தியது. பனையிடம் பாதிதான் பொருந்துகிறது. தண்டு சரி, கன்னங்கரேல். ஆனால் பனையோலை மெழுகுப் பூச்சுள்ள விசிறி. உச்சி வெயிலில் சில ஓலைகள் வானத்தைவிட வெள்ளையாக மின்னும். அதே மரத்தில் பக்கத்து ஓலை கறுப்பு. லியொனார்டோவும் இங்கே செல்லுபடியாகமாட்டார். கிளையே இல்லாத மரத்தில் எதைக் கூட்டுவது?

தென்னையை வரைந்து பழகிய கை பனைக்கு உதவாது. தென்னங்கீற்று வளைந்து தொங்கும், பிரஷ்ஷை வீசினால் வந்துவிடும். பனையின் தலை ஒரு உருண்டை. குருத்து மேல்நோக்கி, நடுவோலைகள் கையை நீட்டி, முற்றியவை சரிந்து, காய்ந்த காவோலைகள் தண்டோடு தொங்கி. முதலில் கறுப்பும் ஆக்கரும் கலந்து அந்த உருண்டையை இருட்டாக வைத்தேன். பிறகு தட்டைப் பிரஷ்ஷை அழுத்தி ஒரு திருகு திருகினால் ஒரு விசிறி விழும். நுனிகளை லைனர் பிரஷ்ஷால் கிழித்துவிட வேண்டும். மட்டைகளுக்கு நடுவே வானம். தண்டின் வளையத் தழும்புகளைக் காய்ந்த பிரஷ்ஷால் லேசாக உரசி எடுத்தேன். வெயில் படாத பக்கத்தில், தேரியிலிருந்து எகிறிய சிவப்பு. வடலிகளில் அது இன்னும் அதிகம். தரையோடு விரிந்திருப்பதால் ஓலையின் அடிப்புறமே துருவேறினாற்போல இருக்கும். மணலில் விழும் நிழல் ஊதா. இதை மட்டும் வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பதநீர்க் கலயத்தோடு ஒரு பெரியவர் வந்தார். பனையேறி. சீசன் ஆரம்பித்திருந்தது. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது ஏறாத மரம்லா” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “காவோல தொங்குதே. ஏறுத மரம்னா தல சுத்தமா இருக்கும்.” பாளை சீவ ஏறுகிறவர் பருவம் தொடங்கும் முன் காய்ந்த ஓலையையும் மட்டையையும் கழித்துத் தலையைத் துப்புரவாக்குவார், இல்லாவிட்டால் கருக்கு மட்டைக்குள் உடம்பை நுழைத்துப் போக முடியாது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை பெரும்பாலான பனைகள் காவோலைப் பாவாடை கட்டியே நின்றன. எனக்கு அது அழகாகப் பட்டதால்தான் நிறைய ஆக்கர் போட்டு அதை வரைந்திருந்தேன். அவருக்கு அது ஆளில்லாத தோப்பு. அவர் ஏறும் மரங்கள் எவை என்று கேட்டேன். கை காட்டிய பக்கத்தில் தலை மழித்த சில பனைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் கலயம். தமிழ்நாட்டின் மாநில மரம், உடன்குடிக் கருப்பட்டி என்றெல்லாம் நாம் பெருமையாகச் சொல்வது அந்தச் சில மரங்களை நம்பித்தான். போர்டில் இடம் இருந்தது; வலப்பக்கம் ஏறும் மரம் ஒன்றையும் வைத்தேன். அவர் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு புத்தகத்தில் டேவிட் ஹாக்னியின் ‘எ பிக்கர் ஸ்ப்ளாஷ்’ கண்ணில் பட்டது. 1967இல் வரைந்தது, லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நீச்சல் குளம், ஆள் குதித்துத் தெறித்த தண்ணீர், பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒல்லியாக இரண்டு பாம் மரங்கள். முழுக்க அக்ரிலிக். இங்கிலாந்துக்காரரான அவர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன புதிதில் ஆயிலை விட்டு இதற்கு மாறினார். ஒரு நொடித் தெறிப்பை வரைய அவருக்கு இரண்டு வாரம் பிடித்ததாம். அந்த வானத்தில் மேகமும் இல்லை, கரைப்பும் இல்லை. ஓரம் வெட்டினாற்போல நிற்கிற தட்டை நீலம். எனக்கு அது உடனே பிடிபட்டது. கடும் வெயில் ஓரங்களை வெட்டத்தான் செய்யும். ஈரமான ஊர்களின் மங்கலைக் கரைத்துக் கரைத்து வரைய ஆயில் தோதாக இருக்கலாம். கூசுகிற வெளிச்சத்துக்கும் கறுத்த தண்டுக்கும், உடனே காய்ந்து ஓரத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பெயின்ட்தான் பொருத்தம். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “மரத்த ரெண்டு கோட்டுல முடிச்சிட்டானே. இவன் பேனர் எழுதியிருக்கணும்.”

உடைமரம் இன்னும் எனக்குக் கைக்கு வரவில்லை. மேல்பக்கம் மட்டமாகச் சீவி வைத்த குடை, நீள வெள்ளை முள், பொடிப்பொடி இலை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கோடு ஒன்று அந்தரத்தில் மிதக்கும், கிட்டப் போனால் உள்ளே எல்லாம் கிளை. குடையின் மேல்தட்டு வானத்தின் வெளிச்சத்தை வாங்கி வெளுத்திருக்கும், அடித்தட்டு தேரியின் சிவப்பை வாங்கியிருக்கும், நடுவில் மெல்லிய ஓர் இருட்டு. மூன்றையும் ஒரு விரல் கனத்துக்குள் வைக்க வேண்டும். ஸ்பாஞ்சை ஒற்றிப் பார்த்தேன், பல் துலக்கும் பிரஷ்ஷால் தெறித்துப் பார்த்தேன். பன்றிமயிர்ப் பிரஷ் ஒன்றின் நுனியைப் பிளேடால் கத்தரித்து மொண்ணையாக்கி, பெயின்ட்டை முக்கால்வாசி துடைத்துவிட்டுக் குத்தினால் ஓரளவு வருகிறது. அதன் அடியில் படுத்திருக்கும் ஆடுகளை வரைந்துவிட்டால் பார்ப்பவர்கள் மரத்தைக் கவனிக்கமாட்டார்கள் என்று வகுப்புப் பையன் ஒருவன் யோசனை சொன்னான். கெட்டிக்காரன்.

மாஸ்டருக்கு வருமானம் பைன் மரத்தில்தான். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசு கொடுக்கவும் லாட்ஜ் வரவேற்பறையில் மாட்டவும் பனிமலையும் நீர்வீழ்ச்சியும் கேட்கிறார்கள். செவக்காட்டையும் பனையையும் யாரும் கேட்பதில்லை. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் கிடந்து வருகிறவனுக்குச் சுவரிலாவது குளிர்ச்சி வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோ படுதாவில் குளம் எழுதச் சொன்னவர்களும் இதே ஆட்கள்தான்.

தேரிப் படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. புது வீடு கட்டியிருக்கும் சின்ன மதினி வந்து பார்த்துவிட்டு, “செவப்பு கூடிப் போச்சோ?” என்றாள்.

“சாயங்காலம் நாலு மணிக்குத் தேரியில போயி நின்னு பாரு.”

“அது சரி. எனக்கு அருவி வச்சி ஒண்ணு வரஞ்சி தாங்க. ரெண்டு பக்கமும் அந்த ஊசி ஊசியா மரம் இருக்குமே.”

“அருவின்னா குத்தாலந்தான் வரைவேன். ஊசி மரம் கெடையாது.”

“பெறகு என்ன மரம்?”

என்ன மரம் என்று எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. பெரியருவிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். தலையைக் குனிந்து குளித்துவிட்டு வந்திருக்கிறோம். ஆனி பிறந்து சாரல் விழட்டும், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேன் வாடகையில் பாதி அவள் தருவதாக ஏற்பாடு.